சேரன்மாதேவியில் இரண்டு பந்திகள்: பள்ளிக்கூடச் சோறு பற்றிச் சில குறிப்புகள்

திருநெல்வேலியிலிருந்து மேற்கே அம்பாசமுத்திரம் போகிற வழியில், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது சேரன்மாதேவி. தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றில் இந்த ஊரின் பெயர் இரண்டு முறை வருகிறது. இரண்டு முறையும் சாப்பாட்டை ஒட்டித்தான் வருகிறது.

முதல் முறை 1924-25இல். வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போடப்பட்டது என்று எழுந்த சண்டை. இரண்டாவது முறை 1950களின் நடுவில். முதலமைச்சர் காமராஜர் இந்தப் பக்கம் காரில் வந்தபோது ரயில்வே கேட்டில் நிற்க வேண்டிவந்தது, அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையனிடம் பேச்சுக் கொடுத்தார், மதிய உணவுத் திட்டத்துக்கு அதுவே வித்து என்று சொல்லப்படும் கதை.

அரசியல் வரலாறு எழுதுபவர்கள் குருகுலத்தை எழுதிவிட்டு நேரே சுயமரியாதை இயக்கத்துக்குப் போய்விடுவார்கள். காமராஜர் வாழ்க்கையை எழுதுபவர்கள் ரயில்வே கேட்டில் தொடங்கி எட்டயபுரத்துக்குப் போய்விடுவார்கள். இரண்டும் ஒரே ஊரில், முப்பது வருஷ இடைவெளியில் நடந்தவை, இரண்டுமே பள்ளிக்கூடத்துச் சோறு பற்றியவை என்பதால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமே என்றுதான் இந்தக் குறிப்பு.

ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் சோறு போடுவது என்று முடிவெடுத்தவுடனே மூன்று கேள்விகள் வந்து நிற்கும். யார் பக்கத்தில் யார் உட்காருவது? காசு யாருடையது? சமைக்கிறது யாரு? நூறு வருஷத்தில் நாம் எந்தக் கேள்வியை முடித்தோம், எதை அப்படியே விட்டுவைத்தோம் என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஊரும் வயலும்

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். தாமிரபரணிப் படுகை என்பது பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் நஞ்சைப் பகுதி. பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கும் ஆறு, அணைக்கட்டு அணைக்கட்டாகக் கால்வாய்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே கிழக்கே போகும். கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் என்று பெயர்கள். கார், பிசானம் என்று வருஷத்துக்கு இரண்டு போகம்.

தண்ணீர் நிச்சயமாக வருகிற இடத்தில் நிலம் யார் கையில் இருந்தது என்பதுதான் விஷயம். இந்தப் படுகையில் நிலம் பெரும்பாலும் பிராமணர், வேளாளர் கையிலும் கோயில், மடங்கள் பேரிலும் இருந்தது. உழுது, நட்டு, அறுத்தவர்கள் வேறு. அவர்களில் பெரும்பாலோர் பள்ளர் முதலான தாழ்த்தப்பட்ட சாதியார். கல்லிடைக்குறிச்சி, சேரன்மாதேவி மாதிரி ஊர்களில் அக்கிரகாரம் ஒருபக்கம், ஊர்க்குடிகள் தெரு ஒருபக்கம், சேரி வயலைத் தாண்டி இன்னொரு பக்கம். தெற்கே இருக்கும் தேரிக்காட்டிலும் வடக்கே இருக்கும் கரிசலிலும் வறுமை இதைவிட அதிகம். ஆனால் சாதிப் படிநிலை வாய்க்கால் வரப்பு மாதிரி தெளிவாகக் கோடு போட்டு இருந்தது இந்த நஞ்சைப் பகுதியில்தான்.

இந்த நிலத்தில் "கூடச் சேர்ந்து சாப்பிடுவது" சின்ன விஷயம் இல்லை. சத்திரத்துச் சாப்பாடு யாருக்கு, கோயில் கட்டளைச் சாப்பாடு யாருக்கு, கல்யாண வீட்டில் முதல் பந்தி யாருக்கு என்பதெல்லாம் எழுதாத சட்டம். ஒருவர் என்ன சாப்பிட்டார் என்பதைவிட, எந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதே அவர் யார் என்பதைச் சொல்லிவிடும்.

ஐயர் தொடங்கிய குருகுலம்

வ.வே.சு. ஐயரைப் பற்றிப் பலருக்குத் தெரிந்திருக்கும். லண்டனுக்குப் பாரிஸ்டர் படிக்கப் போய், அங்கே இந்தியா ஹவுஸ் புரட்சியாளர்களோடு சேர்ந்து, தப்பிப் புதுச்சேரிக்கு வந்தவர். 1911இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனோடு தொடர்பு உண்டு என்று பிரிட்டிஷ் அரசு அவரைக் கண்காணித்தது. திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். சிறையில் இருந்தபோது கம்பனைப் பற்றி எழுதியவர். சாதாரண ஆள் இல்லை.

1922இல் அவர் கல்லிடைக்குறிச்சியில் தமிழ்க் குருகுலம் ஒன்றைத் தொடங்கினார். பிறகு அது சேரன்மாதேவிக்கு மாறியது. ஒத்துழையாமை இயக்கம் அரசாங்கப் பள்ளிகளைப் புறக்கணிக்கச் சொன்ன காலம் அது. புறக்கணித்த பிள்ளைகளுக்கு வேறு பள்ளிக்கூடம் வேண்டுமே. தமிழ்வழிப் பாடம், இலக்கியம், விஞ்ஞானம், உடற்பயிற்சி, கைத்தொழில், விவசாயம் எல்லாம் சேர்ந்த ஒரு தேசியக் கல்வி என்பது அவர் கனவு. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு முதல் தவணையாக 5,000 கொடுத்தது. தமிழ்நாட்டிலும் வெளியிலும் பல பேர் நன்கொடை கொடுத்தார்கள்.

பிரச்சினை வெளியே வந்தது ஒரு மாணவன் மூலம். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்துக்கொண்டிருந்தான். பின்னால் 1947இல் சென்னை மாகாணப் பிரதமரான அதே ஓமந்தூரார்தான். குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனி இடத்தில் சாப்பாடு என்று பையன் வீட்டில் சொன்னான். விஷயம் பெரியாருக்கும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவுக்கும் போனது. உணவு மட்டுமல்ல, குடிதண்ணீரும் தனி என்பது பெரியார் தரப்பு சொன்ன விவரம்.

ஐயர் தரப்பில் சொன்ன பதிலைக் கவனிக்க வேண்டும். அவர் தான் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடத் தயங்கியவர் இல்லை. இரண்டு பிள்ளைகளின் பெற்றோர், தங்கள் பையன்கள் தனியாகத்தான் சாப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள், அதற்கு அவர் ஒப்புக்கொண்டிருந்தார், கொடுத்த வாக்கை மீற முடியாது. இதுதான் பதில். 1925 மார்ச்சில் சென்னை வந்த காந்தியிடம் இந்த வழக்கு போனது. ஏற்கெனவே வாக்குக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் வரைக்கும் விட்டுவிடலாம், இனிமேல் சேருபவர்கள் எல்லாரும் சேர்ந்தே சாப்பிட வேண்டும் என்ற மாதிரி ஒரு சமரசத்தை அவர் சொன்னார். அது யாரையும் திருப்திப்படுத்தவில்லை.

இரண்டே பிள்ளைகள்தானே, இதுக்கு இவ்வளவு சண்டையா என்று இன்றைக்குப் படிக்கிறவருக்குத் தோன்றலாம். அன்றே பலருக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் எதிர்த்தவர்கள் எண்ணிக்கையை வைத்துப் பேசவில்லை. பொதுப்பணத்தில் நடக்கும் நிறுவனத்தில் பிறப்பை வைத்து வேற்றுமை கூடாது என்பது அவர்கள் வாதம். நிதியில் பெரும்பகுதி பிராமணரல்லாதார் கொடுத்தது, அவர்கள் காசில் அவர்கள் பிள்ளைகளையே தள்ளி உட்கார வைப்பதா என்பது அதன் கூர்மையான வடிவம்.

நம்முடைய மூன்று கேள்விகளில் முதல் இரண்டும் இங்கே ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொள்வதைப் பாருங்கள். யார் பக்கத்தில் யார் என்பதைக் காசு யாருடையது என்பதுதான் தீர்மானிக்க வேண்டும் என்றார்கள். ஒருவர் தன் வீட்டில் தன் காசில் எப்படி வேண்டுமானாலும் இலை போட்டுக்கொள்ளலாம். எல்லாருடைய காசும் விழுந்த உண்டியலில் இருந்து வரும் சோற்றுக்கு ஒரே பந்திதான். இந்த வாதம் பின்னால் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்போம்.

1925 ஏப்ரல்: இரண்டு செய்திகள்

1925 ஏப்ரலில் திருச்சியில் கூடிய தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியில், தேசிய இயக்கத்தைச் சேர்ந்த எந்த நிறுவனத்திலும் பிறப்பை ஒட்டிய வேற்றுமை கூடாது என்ற எஸ். ராமநாதனின் தீர்மானம் நிறைவேறியது. அதை ஏற்காமல் ராஜாஜி உள்ளிட்ட சிலர் கமிட்டியிலிருந்து விலகினார்கள். அந்த ஜூன் மாதமே ஐயர் இறந்துபோனார். பாபநாசத்துக்கு மேலே கல்யாண தீர்த்தத்தில் தவறி விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றக் குதித்தவரை ஆறு கொண்டுபோய்விட்டது. நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும்.

பலருக்குத் தெரியாத செய்தி அதே ஏப்ரலில் சென்னையில் நடந்தது. சென்னை மாநகராட்சி, பி. தியாகராய செட்டியார் தலைவராக இருந்தபோது, 1920இல் ஒரு தீர்மானம் போட்டது. ஆயிரம் விளக்கில் உள்ள மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியம் சிற்றுண்டி, ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் செலவு. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்குப் பரவியது. 1922-23இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1,671 ஆனது. இரண்டே வருஷத்தில் இரண்டு மடங்கு.

1925 ஏப்ரல் 1ஆம் தேதி அது நின்றுபோனது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவழிக்க முடியாது என்று அரசு சொல்லிவிட்டது. இத்தனைக்கும் இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் தரும் சட்டம் 1906லேயே வந்தாயிற்று. அந்த ஊருக்கு ஒரு நியாயம், இந்த ஊருக்கு ஒரு நியாயம். 1927இல்தான் சிறிய அளவில் மறுபடி தொடங்கினார்கள்.

ஆக, அந்த ஏப்ரல் மாதத்தில் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடச் சோறு பற்றி இரண்டு விவகாரங்கள் ஓடின. ஒன்று, சேர்ந்து சாப்பிடுவதா தனித்தனியா என்பது. மற்றொன்று, சாப்பாடு இருக்குமா இருக்காதா என்பது. முதலாவது நாடு முழுக்கப் பேசப்பட்டது. இரண்டாவதைப் பற்றி அதில் பத்தில் ஒரு பங்குகூடப் பேச்சு எழவில்லை. பசித்த பிள்ளைகளுக்குப் பத்திரிகை நடத்த ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மாடு மேய்க்கிற பையனின் கணக்கு

இப்போது ரயில்வே கேட்டுக்கு வருவோம். கதை பல விதமாகச் சொல்லப்படுகிறது. பொதுவான வடிவம் இது: கேட் மூடியிருக்கிறது, காமராஜர் காரை விட்டு இறங்குகிறார், மாடு மேய்க்கும் சிறுவனைப் பார்க்கிறார், பள்ளிக்கூடம் போகலையா என்கிறார். போனா சோறு யாரு போடுவா என்று பையன் திருப்பிக் கேட்கிறான்.

மேடையில் இது ஒரு தலைவரின் இரக்கத்தைச் சொல்லும் கதை. ஆனால் பையனின் பக்கம் நின்று பார்த்தால் அவன் ஒரு கணக்கைச் சொல்கிறான். மாடு மேய்க்கிற பையனுக்குக் கையில் காசாக வரும் கூலி மிகச் சொற்பம். மதியத்துக்குக் கஞ்சி, ராத்திரிக்குச் சோறு, வருஷத்துக்குக் கொஞ்சம் நெல், பொங்கலுக்கு ஒரு துண்டு. கூலியின் பெரும்பகுதியே வயிற்றுச் சோறுதான். அறுவடைக் காலத்தில் கதிர் பொறுக்கப் போகும் தங்கச்சிக்கும் அதே கணக்கு. பள்ளிக்கூடத்தில் சம்பளம் கிடையாது என்று அரசாங்கம் சொல்லலாம். ஆனால் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு ஒரு வேளைச் சோறு நஷ்டம். இலவசக் கல்வி அந்த வீட்டுக்கு இலவசம் இல்லை.

இந்தக் கணக்கு அதற்கு முன்னால் இருந்த அரசுக்கும் தெரிந்தே இருந்தது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், எதிர்ப்பாளர்கள் "குலக்கல்வித் திட்டம்" என்று பெயர் வைத்த அந்தத் திட்டம், இதே பிரச்சினைக்கான ஒரு பதில்தான். கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தை 3 மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்றது. குடும்பத்துக்குப் பிள்ளையின் உழைப்பு தேவைப்படுகிறது, அதை மாற்ற முடியாது, எனவே பள்ளிக்கூடத்தைச் சுருக்குவோம். இதுதான் அதன் உள் தர்க்கம். கட்டடமும் வாத்தியாரும் போதாத நிலையில் ஒரே பள்ளியை இரண்டு முறை நடத்தலாம் என்ற சிக்கனமும் அதில் இருந்தது. ஆனால் தொழில் என்பது சாதியோடு ஒட்டியிருக்கிற நாட்டில், அப்பன் தொழிலைக் கற்றுக்கொள் என்றால் அப்பன் சாதியிலேயே கிட என்றுதான் அர்த்தமாகும். தாமிரபரணிக் கரையில் உழுகிறவன் மகன் உழத்தான் வேண்டும். எதிர்ப்பு மாகாணம் முழுக்கப் பரவியது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார், அடுத்த மாதமே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

திட்டத்தைக் கைவிட்டாலும் மாடு மேய்க்கிற பையனின் கணக்கு அப்படியேதான் இருந்தது. பள்ளிக்கூடத்தைச் சுருக்க முடியாது என்றால், குடும்பத்தின் நஷ்டத்தை யாராவது ஈடுகட்ட வேண்டும். மதிய உணவு அந்த ஈடு. மாட்டுக்காரர் போட்ட கஞ்சியை இனி பள்ளிக்கூடம் போடும். இரக்கம் என்பது உண்மைதான். அதோடு அது துல்லியமான கூலிக் கணக்கும்கூட.

பத்துப் பைசா

1956இல் எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். பாரதி பிறந்த அந்த ஊர் அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1986இல் மாவட்டம் பிரிந்தபோதுதான் தூத்துக்குடி பக்கம் போனது. திட்டத்துக்குப் பின்னால் ஓடியாடி வேலை செய்தவர் கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு.

தொடக்கத்தில் இதற்கு அரசு பட்ஜெட்டில் பணம் கிடையாது. ஊர்க்காரர்கள் அரிசி, பருப்பு, விறகு, காய்கறி கொடுத்தார்கள். அறுவடை நேரத்தில் பிடியரிசி மாதிரி நெல் வாங்கினார்கள். 1957இல் அரசு பங்கு கொடுக்கத் தொடங்கியது. ஒரு சாப்பாட்டுக்கு ஏறத்தாழ 10 பைசா. நயா பைசா வந்ததும் அந்த வருஷம்தான். அதில் 6 பைசா அரசு, 4 பைசா ஊர். அடுத்த ஆண்டுகளில் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இதே பாணிதான்: கட்டடம், பெஞ்சு, தட்டு, சீருடை என்று ஊரே கொண்டுவந்து கொடுக்கும். 1960களில் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் பால் பவுடரும் எண்ணெயும் வந்து சேர்ந்தன.

இந்த 4 பைசாவை நிறையப் பேர் சாதாரணமாகக் கடந்துபோய்விடுகிறார்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. குருகுலமும் நன்கொடையில் நடந்தது, மதிய உணவும் பாதி நன்கொடையில் நடந்தது. குருகுலத்தில் பெற்றோர் நிபந்தனை போட முடிந்தது. மதிய உணவில் நெல் கொடுத்த மிராசுதார், என் பேரனுக்குத் தனி இலை போடு என்று கேட்க முடியவில்லை. ஏன்? நன்கொடை அரசின் 6 பைசாவோடு கலந்த பிறகு அது யாருடைய நெல் என்று பிரித்துச் சொல்ல முடியாது. 1925இல் பெரியார் தரப்பு வைத்த வாதம், பொதுக்காசுக்கு ஒரே பந்தி என்ற அந்த வாதம், 1957இல் யாரும் தீர்மானம் போடாமலே ஒரு நிர்வாக நடைமுறையாகிவிட்டது. ஒரே அண்டா, ஒரே கரண்டி, ஒரே வரிசை.

ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்றைய மதிய உணவு எல்லாருக்கும் கிடையாது, ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். மத்தியானம் மணி அடித்ததும் கொஞ்சம் வசதியான பிள்ளைகள் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பவர்கள் யார் என்று ஊருக்கே தெரியும். பந்தி ஒன்றுதான். ஆனால் மிராசுதார் பேரன் அதில் உட்காரவே இல்லை. அவன் தனி இலை கேட்காததற்கு இதுவும் ஒரு காரணம். சேர்ந்து சாப்பிடுவது என்ற கேள்விக்கு அது முழுப் பதில் இல்லை, பாதிப் பதில்.

எண்பத்திரண்டு

1982 ஜூலை 1 அன்று திருச்சி பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் கிராமத்தில் 2 முதல் 9 வயதுப் பிள்ளைகள், சில மாதங்களில் நகரங்கள், 1984இல் 15 வயது வரை. சுமார் 60 லட்சம் குழந்தைகள். ஊர் கொடுக்கும் 40 சதவீதம் என்ற பேச்சு போய், முழுக்க அரசுச் செலவு. இவ்வளவு காசுக்கு எங்கே போவது, ஓட்டுக்காகச் செய்கிற வேலை என்று பொருளாதாரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். 1989இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது, போகப்போக வாரத்துக்கு 5 வரை ஆனது. எந்தக் கட்சி வந்தாலும் இதை நிறுத்த முடியவில்லை, கூட்டத்தான் முடிந்தது. 2001 நவம்பர் 28இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு போட வேண்டும் என்று உத்தரவிட்டபோது, தமிழ்நாட்டுக்கு அதில் புதிதாகச் செய்ய அதிகம் இல்லை.

திருநெல்வேலிச் சீமையில் இந்த மாற்றத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எண்பதுகளில் முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் என்று எந்தப் பக்கம் போனாலும் வீட்டுத் திண்ணையில் பெண்கள் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. அடுப்படியில் நிற்கும் நேரம் பீடித்தட்டில் இருந்து கழியும் நேரம். பிள்ளைக்கு மதியச் சாப்பாடு பள்ளிக்கூடத்தில் என்றால் அம்மாவுக்கு அது மத்தியானப் பொழுது மிச்சம். அதே சமயம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நூல் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த மகளைப் பள்ளிக்கூடத்துக்கு இழுக்கவும் அந்தச் சோறு உதவியது. மாடு மேய்க்கிற பையனின் கணக்குதான், வேறு உருவத்தில்.

சமைக்கிற கை

1982 திட்டம் மூன்றாவது கேள்வியையும் கூடவே கொண்டுவந்தது. ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர். ஊர்ப்பக்கம் "சத்துணவு டீச்சர்", "ஆயா" என்பார்கள். பெரும்பாலும் பெண்கள். விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை. 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சமையல் வேலையில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றது.

பந்தியில் பக்கத்தில் யார் என்ற கேள்வியைவிடப் பழையது, சமைத்தவர் யார் என்ற கேள்வி. அக்கிரகாரத்தில் மட்டும் இல்லை, அதற்கு வெளியே எல்லா இடைச்சாதிகளிலும் அது உண்டு. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று பெற்றோர் தகராறு செய்து வழக்கு வரை போனது. 2022இல் முதலமைச்சர் ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தை மதுரையில் தொடங்கினார். 2023 ஆகஸ்டில் அது மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. அடுத்த மாதமே எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் உசிலம்பட்டி என்ற ஊரில், சமைப்பவரின் சாதியைக் காரணமாகச் சொல்லிப் பிள்ளைகள் காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கிறார்கள் என்று புகார் வந்தது. நாடாளுமன்ற உறுப்பினரும் அமைச்சரும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

எட்டயபுரம் என்ற பெயரைக் கவனித்தீர்களா? 1956இல் எந்த ஊரில் அடுப்பு மூட்டினார்களோ அதற்குப் பக்கத்தில்.

இங்கே குருகுலத்தோடு ஒரு வித்தியாசத்தைப் பார்க்கலாம். 1925இல் ஐயர் பெற்றோரின் நிபந்தனையை ஏற்றுக்கொண்டார், அதற்காகப் பொதுக்காரியம் உடைந்தது. 2023இல் அரசு பெற்றோரின் நிபந்தனையை ஏற்கவில்லை, சமையலரை மாற்றவில்லை. நூறு வருஷத்தில் நடந்த மாற்றம் அது, சின்னது இல்லை. ஆனால் நிபந்தனை போடுகிற பழக்கம் வீட்டில் அப்படியேதான் இருக்கிறது. அமைச்சர் ஒருநாள் வந்து சாப்பிடலாம். தினம் பிள்ளையிடம் "அந்தப் பொம்பள சமைச்சதத் திங்காத" என்று சொல்வது யார் என்பதும் நமக்குத் தெரியும்.

வயிறும் கையும்

2023 ஆகஸ்டில் சேரன்மாதேவிக்குத் தெற்கே இருக்கும் நாங்குநேரியில், தலித் மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் கூடப் படிக்கும் பையன்களே வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள். இருவரும் உயிர் பிழைத்தார்கள். அதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதிப் பெயரை எடுப்பது, மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிறுகளைத் தடைசெய்வது என்று பல பரிந்துரைகள். தென்மாவட்டங்களில் எந்தப் பள்ளியிலும் வாத்தியாருக்குத் தெரியும், மஞ்சளும் சிவப்பும் யாரு, பச்சையும் சிவப்பும் யாரு என்று.

ஒரே அண்டாவில் இருந்து சாப்பிட்டு வளர்ந்த தலைமுறைகள் இவை. அப்பா சத்துணவு சாப்பிட்டார், பிள்ளை சத்துணவும் காலை உணவும் சாப்பிடுகிறான். சேர்ந்து சாப்பிட்டால் சாதி போய்விடும் என்று 1925இல் நம்பியவர்கள் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்கள்? சோறு தோற்றுவிட்டது என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சோறு தன்னிடம் கேட்கப்பட்டதைச் செய்துவிட்டது. மாடு மேய்த்த பையனைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது, பீடித்தட்டிலிருந்து பெண்ணை எழுப்பியது, அண்டாவை ஒன்றாக்கியது. முன்பு ஒரே வகுப்பறையில் வந்து உட்கார முடியாதவர்கள் இன்று ஒரே பெஞ்சுக்குப் போட்டி போடுகிறார்கள். இந்த மோதல்களில் ஒரு பகுதி அந்த வெற்றியிலிருந்தே வருகிறது. வயல் வேலைக்கு வந்துகொண்டிருந்தவன் மகன் தன் மகனைவிட நல்ல மார்க் வாங்குவதைப் பொறுக்க முடியாத வீடுகள் இருக்கின்றன.

குடும்பம் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பும்போது இரண்டு நிபந்தனைகளோடு அனுப்புகிறது. ஒன்று பசியின் நிபந்தனை: சோறு போட்டால் அனுப்புகிறேன். மற்றது சாதியின் நிபந்தனை: தனியாக உட்கார வைத்தால் அனுப்புகிறேன். முதல் நிபந்தனைக்கு அரசு பணத்தால் பதில் சொன்னது. 1920இல் ஒரு அணா, 1957இல் பத்துப் பைசா, இன்று இரண்டு வேளை. அதற்கு ஒரு துறை, ஒரு பட்ஜெட், ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு அடுப்பு, தினம் எண்ணி எழுதும் பதிவேடு எல்லாம் இருக்கிறது. இரண்டாவது நிபந்தனைக்கு நம்மிடம் சுற்றறிக்கை இருக்கிறது, குழு அறிக்கை இருக்கிறது, ஒருநாள் வந்து சாப்பிடும் தலைவர்கள் இருக்கிறார்கள். தினசரி வேலையாக அதைச் செய்ய ஆள் கிடையாது.

மதிய உணவு ஜெயித்ததற்குக் காரணம் காமராஜரின் நல்ல மனசு மட்டும் இல்லை. அது தினமும் நடந்தது. மழை பெய்தாலும், வாத்தியார் வராவிட்டாலும், ஆட்சி மாறினாலும், பன்னிரண்டரை மணிக்கு உலை கொதித்தது. கயிறு பற்றியும் பந்தி பற்றியும் பள்ளிக்குள் பேசுவதும் அதே மாதிரி தினசரி வேலையாக, சம்பளம் வாங்கும் ஒருவரின் பொறுப்பாக, பதிவேட்டில் எழுதப்படும் காரியமாக ஆனால்தான் இரண்டாவது நிபந்தனை தளரும். சந்துரு குழுவின் பரிந்துரைகளைப் படிக்கும்போது நான் தேடுவது இதைத்தான்: எது தினமும் நடக்கும், யார் செய்வார், எந்தக் கணக்குத் தலைப்பில் காசு வரும். 1925 ஏப்ரலில் ஆயிரம் விளக்குப் பள்ளியின் அடுப்பை அணைத்தது அந்தக் கடைசிக் கேள்விதான்.